தலைவன் இல்லாத கூட்டம்: வழுக்கிச் செல்லும் பாக்டீரியாக்கள் பற்றிய கேள்வி – பதில்

கேள்வி: பாக்டீரியாக்கள் வால் போன்ற கசையிழையைச் சுழற்றி நீந்துகின்றன என்றுதான் பாடத்தில் படித்திருக்கிறேன். கசையிழை இல்லாத சில பாக்டீரியாக்கள் ஈரமான பரப்பின்மேல் தாமாகவே வழுக்கிச் செல்வதாக அண்மையில் அறிந்தேன். வெளியே எதுவும் அசையாதபோது செல் நகர்வது எப்படி?

பதில்: வெளியே எதுவும் அசையவில்லை என்பது சாதாரண நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு உண்டாகும் தோற்றமே. பரப்பின்மேல் பாக்டீரியாக்கள் நகரும் விதங்களை 1972-இல் வகைப்படுத்திய ஹென்றிக்சன், கசையிழையின் துணையின்றி உடலின் நீளவாக்கில் ஊர்ந்து செல்வதைத் தனி வகையாக ஒதுக்கினார். அதன் இயந்திரம் எது என்பது அன்று விளங்கவில்லை. இன்று விளங்கியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று உறவில்லாத பல இயந்திரங்களை நாம் ஒரே தலைப்பின்கீழ் அடைத்து வைத்திருக்கிறோம்.

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டது, மண்ணில் வாழும் மிக்சோகாக்கஸ் சாந்தஸ் என்னும் குச்சி வடிவ பாக்டீரியா. அதன் பருமன் சுமார் 0.5 மைக்ரோமீட்டர், நீளம் 5 முதல் 7 மைக்ரோமீட்டர். அதனிடம் இரண்டு தனித்தனி நகர்வு முறைகள் இருப்பதை ஹாட்ஜ்கினும் டேல் கெய்சரும் 1979-இல் மரபியல் சோதனைகளின் வழியாகக் காட்டினார்கள். முதல் முறை, தன்னந்தனியாக இருக்கும் செல்லையும் நகர்த்த வல்லது. உட்சவ்வில் அமைந்த புரதத் தொகுதிகள், சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் செறிவின் வேறுபாட்டிலிருந்து ஆற்றல் பெற்று, முன்முனையில் உருவாகிப் பின்முனையை நோக்கிச் செல்கின்றன. அவை கீழே உள்ள பரப்பைப் பற்றியிருப்பதால், தரையை வைத்துப் பார்க்கும்போது தொகுதி நின்ற இடத்திலேயே நிற்க, உடல்தான் அதைக் கடந்து முன்னே போகிறது. பின்முனையை எட்டியதும் தொகுதி கலைந்துவிடுகிறது. இரண்டாவது முறையில், முன்முனையிலிருந்து மெல்லிய புரத இழைகள் நீள்கின்றன. நுனி எங்காவது ஒட்டிக்கொண்டதும் செல் அவற்றை உள்ளிழுக்கிறது. அந்த இழுவையில் உடல் முன்னேறுகிறது. பக்கத்துச் செல்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைப் பல்படிச் சேர்மங்களில் இவ்விழைகள் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், செல்கள் நெருங்கியிருக்கும்போதே இம்முறை சிறப்பாக வேலை செய்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை மிக்சோகாக்கஸ் பெரிய ஓட்டக்காரன் அன்று. நிமிடத்துக்குச் சில மைக்ரோமீட்டர்தான். தன் உடல் நீளத்தைக் கடக்கவே அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். இதற்கு மாறாக, ஃபிளாவோபாக்டீரியம் ஜான்சோனியே என்னும் இனம் நொடிக்குச் சுமார் 2 மைக்ரோமீட்டர் செல்கிறது. அதன் மேற்பரப்பில் நீண்ட ஒட்டுப் புரதங்கள் ஒரு திருகுப்பாதையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை இயக்குவது சுழலும் ஒரு மோட்டார் என்பது 2015-இல் உறுதியாயிற்று. கூட்டத்தின் வடிவங்களைப் பற்றிப் பேச மிக்சோகாக்கஸே ஏற்ற உதாரணம் என்பதால், கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமையும்.

கேள்வி: ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே திசையில் அணிவகுத்துச் செல்லும் படங்களைப் பார்த்தேன். வழிகாட்டும் தலைமைச் செல் ஏதேனும் உண்டா? அல்லது அவை ஒன்றோடொன்று வேதிப்பொருள்களின் மூலம் பேசிக்கொள்கின்றனவா?

பதில்: தலைமைச் செல் கிடையாது. வேதிச் சமிக்ஞைகள் உண்டு. ஆனால் அணிவகுப்புக்கு மட்டும் என்றால் அவை தேவையே இல்லை என்பதுதான் வியப்பு. குச்சி வடிவமும், தானாக நகரும் திறனும், போதிய நெருக்கமும் இருந்தால் போதும்.

இதைக் காட்டிய சோதனை எளிமையாலேயே அழகானது. 2012-இல் வெளியான அந்த ஆய்வில், பெருவானி, மார்க்குஸ் பேர், டாய்ச், சோகார்ட்-ஆண்டர்சன் முதலியோர் இயல்பான மிக்சோகாக்கஸைப் பயன்படுத்தாமல், பல திறன்களைப் பறித்த ஒரு மரபுத்திரிபு வகையை எடுத்துக்கொண்டார்கள். இழுக்கும் இழைகள் அதற்கு இல்லை. திசையைத் திருப்பிக்கொள்ளும் திறனும் இல்லை. முன்னோக்கி ஊர்வது ஒன்றே அதற்குத் தெரியும். அத்தகைய செல்களை வெவ்வேறு நெருக்கத்தில் அகார் என்னும் கூழ்மப் பரப்பின்மேல் இட்டு, எத்தனை செல்கள் சேர்ந்து ஒரு குழுவாக நகர்கின்றன என்று எண்ணினார்கள். செல்கள் மூடியிருக்கும் பரப்பு மொத்தத்தில் சுமார் 17 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவரை, பெரும்பாலானவை தனியாகவோ சிறு குழுக்களாகவோ திரிந்தன. அந்த அளவைத் தாண்டியதும் மிகப் பெரிய குழுக்கள் தோன்றின. ஒவ்வொரு குழுவிலும் செல்கள் ஒரே திசையை நோக்கியபடி ஒன்றாகவே ஊர்ந்தன.

அருகில் சென்று பார்த்தால் நடப்பது இதுதான். ஒரு செல் குறுங்கோணத்தில் வந்து இன்னொன்றின் விலாவில் முட்டுகிறது. முட்டிய முனை சற்றுத் தயங்குகிறது; உடல் வளையக்கூடியது என்பதால், தடையை ஒட்டியவாறு மெல்ல வளைந்து, சிறிது நேரத்தில் மற்றதற்கு இணையாகிவிடுகிறது. இணையானபின் இரண்டும் ஒரே திசையில் செல்வதால் பிரிய வேண்டிய காரணம் இல்லை. மூன்றாவது ஒன்று வந்து முட்டும்போது, அது சந்திப்பது முன்பைவிட நீளமான, அகலமான ஒரு தடையை. குழு வளர வளர அதில் மோதிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஓரத்தில் உள்ளவை அவ்வப்போது விலகுவதும் உண்டு. சேர்வதற்கும் விலகுவதற்கும் இடையிலான இந்தக் கணக்கு, நெருக்கம் ஓர் எல்லையைக் கடக்கும்போது சேர்வதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பறவைக் கூட்டங்களையும் மீன் கூட்டங்களையும் விளக்க 1995-இல் விச்செக் முதலியோர் முன்வைத்த மாதிரியில், ஒவ்வொன்றும் தன் அண்டை அயலாரின் சராசரித் திசையைப் பின்பற்றுவதாகக் கொள்ளப்பட்டது. அங்கே அண்டையாரின் திசையை அறிவதற்கு ஏதோ ஒரு புலன் வேண்டும். இங்கே மோதல்தான் புலனின் வேலையைச் செய்கிறது. ஆகவே இவற்றின் கூட்ட நகர்வைக் குறித்து எழுதும்போது 'அறிவு', 'திட்டம்' என்ற சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துவோரிடம் எனக்கு உடன்பாடு இல்லை. அச்சொற்கள் விளக்குவது போலத் தோன்றி, விளக்க வேண்டியதை மறைத்துவிடுகின்றன.

கேள்வி: இயல்பான மிக்சோகாக்கஸ் செல்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்த வழியே திரும்பிப் போய்விடுகின்றன என்கிறார்கள். முன்னும் பின்னுமாக அலைந்தால் கூட்டம் எப்படிப் பரவும்? இது வீண் வேலை அல்லவா?

பதில்: வீண் வேலை போலத் தோன்றும் இதுவே முழு விஷயத்தின் சாவி. முதலில் திரும்புதல் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். செல் வளைந்து திரும்புவதில்லை. நின்று, தன் முன்முனையைப் பின்முனையாகவும் பின்முனையை முன்முனையாகவும் மாற்றிக்கொள்கிறது. எம்ஜிஎல்-ஏ என்னும் சிறு புரதம் முன்முனையிலும், அதன் எதிராளியான எம்ஜிஎல்-பி பின்முனையிலும் இருப்பது வழக்கம். எஃப்ஆர்இசட் என்று குறிக்கப்படும் சமிக்ஞைத் தொடர் தூண்டியதும் இரண்டும் இடம் மாறுகின்றன. இழுக்கும் இழைகள் பழைய முனையில் செயலிழந்து, புதிய முன்முனையில் இயங்கத் தொடங்குகின்றன. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த மாற்றத்துக்குப் பிறகு செல் வந்த வழியே கிளம்பிவிடுகிறது.

பயன் என்னவென்றால், நெரிசல் தீர்கிறது. அடர்ந்த கூட்டத்தில் எதிரெதிரே நோக்கிய இரண்டு குழுக்கள் முட்டிக்கொண்டால், திரும்பத் தெரியாதவை அங்கேயே சிக்கிக் கிடக்கும். திரும்பத் தெரிந்தவை சில நிமிடங்களில் விலகிக்கொள்ளும். கூட்டத்தின் விளிம்பில் இருப்பவற்றுக்கு வெளிப்புறம் காலியாக இருப்பதால், அவற்றுள் வெளிநோக்கியவை தடையின்றிச் செல்கின்றன. உட்புறத்திலிருந்து விளிம்புக்கு வரும் ஓட்டமும் அடைபடாமல் நடக்கிறது. 2009-இல் வூ, கெய்சர், ஜியாங், ஆல்பர் ஆகியோர் கணினி மாதிரியில் திரும்பும் கால இடைவெளியை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, சுமார் 8 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பினால்தான் கூட்டம் மிக விரைவாகப் பரவுகிறது என்று கண்டார்கள். உயிருள்ள செல்கள் திரும்பும் இடைவெளியும் ஏறத்தாழ அதுவே. அடிக்கடி திரும்பினால் எதுவும் தொலைவு செல்லாது. எப்போதாவது திரும்பினால் சிக்கல் தீராது.

எஃப்ஆர்இசட் மரபணுக்கள் பழுதான வகைகளை ஸுஸ்மன் 1982-இலேயே விவரித்திருக்கிறார். பட்டினி போட்டால் அவை மேடுகளாகத் திரள்வதில்லை. சுருண்டு பின்னிய நூல் போன்ற கோலங்களில் கிடக்கின்றன. அந்தச் சுருட்டைத் தோற்றமே மரபணுவுக்கும் பெயரானது: சுருட்டை என்று பொருள்படும் 'ஃப்ரிஸி' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே எஃப்ஆர்இசட்.

ஊரும் செல்கள் தமக்குப் பின்னால் கூழ் போன்ற தடத்தை விட்டுச் செல்வதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் வருபவை அத்தடத்தைச் சந்தித்தால் பெரும்பாலும் அதன் வழியே செல்லத் தொடங்கிவிடும். முன்பு யாரோ சென்ற பாதையே பிறகு வருபவர்க்கும் பாதையாகிறது; சென்ற செல் அங்கே இல்லாவிட்டாலும் அதன் செல்வாக்கு நிலைக்கிறது.

கேள்வி: இக்கூட்டத்தில் அலைகள் எழுவதாகவும், எதிரெதிரே வரும் இரண்டு அலைகள் மோதாமல் ஒன்றை ஒன்று ஊடுருவிச் செல்வதாகவும் படித்தேன். திடமான உடல்களால் ஆன அலை எப்படி ஊடுருவ முடியும்?

பதில்: ஊடுருவவில்லை, ஊடுருவுவது போலத் தெரிகிறது. இவ்வலைகளை ஹான்ஸ் ரைக்கன்பாக் 1965-இல் திரைப்படமாகப் பதிவுசெய்து அறிவித்தார். செல்கள் அடர்ந்த முகடுகள் வரிசை வரிசையாகப் பரப்பின்மேல் செல்லும். எதிரே வரும் வரிசை இவற்றைக் கடந்து, உருக்குலையாமல் தன் வழியே போகும். நீரலைகள் இப்படிக் கடப்பதில் வியப்பில்லை. பாக்டீரியாக்களின் அலை கடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

காரணம், முன் பதிலில் சொன்ன திரும்புதல்தான். வலப்புறம் செல்லும் முகட்டின் செல், இடப்புறம் வரும் முகட்டின் செல்லைத் தொடுகிறது. அத்தொடுகையின் விளைவாக இரண்டும் திரும்பிக்கொள்கின்றன. வலப்புறம் சென்றது இப்போது இடப்புறம் செல்கிறது. மற்றது வலப்புறம் செல்கிறது. முகட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் கடந்து போனதாகவே படும். உள்ளே இருக்கும் செல்களோ ஆள்மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பியிருக்கும். சேகரும் கெய்சரும் 1994-இல் இதைத் திறமையாகச் சோதித்தார்கள். செல்லின் மேற்பரப்பில் இருந்து, தொடும் செல்லைத் திரும்பத் தூண்டும் சி-சமிக்ஞை என்னும் புரதத்தை உண்டாக்க இயலாத, ஆனால் பிறர் தரும் சமிக்ஞையை உணரக்கூடிய மரபுத்திரிபு செல்களைக் கூட்டத்தில் கலந்தார்கள். அவற்றின் பங்கு கூடக் கூட, முகடுகளுக்கு இடையிலான தொலைவும் கூடியது. மோதல்கள் நிகழ்ந்தும் திரும்பத் தூண்டுவோர் குறைந்ததால், ஒவ்வொரு செல்லும் ஒருமுறை திரும்புமுன் செல்லும் தொலைவு நீண்டது என்பதே அதன் பொருள்.

2001-இல் இகோஷின், மொகில்னர், வெல்ச், கெய்சர், ஆஸ்டர் ஆகியோர் தந்த கணித மாதிரி இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தது: திரும்பிய செல் உடனே மீண்டும் திரும்ப இயலாதபடி சிறிது ஓய்வுக்காலம் வேண்டும். அது இல்லாவிட்டால் முகட்டுக்குள்ளேயே செல்கள் ஓயாமல் முன்பின் ஆடி, அலை சிதைந்துவிடும்.

இவ்வலைகள் பட்டினியின்போது மட்டும் தோன்றுபவை அல்ல. பிற பாக்டீரியாக்களைச் சிதைத்து உண்பது மிக்சோகாக்கஸின் வழக்கம். இரைக்கூட்டத்தின்மேல் பரவும்போதும் இதே அலைகள் எழுகின்றன.

கேள்வி: உணவு தீர்ந்ததும் இவை ஒன்றுகூடிக் கோபுரம் கட்டுகின்றனவாமே? எங்கே கூடுவது என்பதை எது முடிவு செய்கிறது?

பதில்: உணவு தீர்ந்து ஓரிரு நாள்களில், சுமார் 1,00,000 செல்கள் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் அளவிலான ஒரு மேடாகின்றன. அதற்குக் கனியுடல் என்று பெயர். மேட்டுக்குள் செல்கள் உருண்டையான, வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கும் வித்துகளாக மாறுகின்றன. எல்லாம் மாறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: தொடங்கியவற்றுள் சிறு பகுதியே வித்தாகிறது, பெரும்பகுதி சிதைந்து அழிகிறது, ஒரு பகுதி மேட்டுக்கு வெளியே குச்சி வடிவிலேயே தங்கிவிடுகிறது. மிக்சோகாக்கஸின் உறவினங்கள் சில காம்பும் கிளையும் உடைய கனியுடல்களைக் கட்டுவதால், வெகுகாலம் அவற்றைப் பூஞ்சைகள் என்றே எண்ணினார்கள். அவை பாக்டீரியாக்களே என்று 1892-இல் தெளிவுபடுத்தியவர் ரோலண்ட் தாக்ஸ்டர்.

இடத்தை முடிவு செய்வது எது என்ற கேள்விக்கு இரண்டு மட்டத்தில் விடை உண்டு. முதலாவது, நடத்தையின் மாற்றம். பட்டினி தொடங்கியதும் செல்கள் புரதங்களைச் சிதைத்து அமினோ அமிலங்களை வெளியே விடுகின்றன. அவற்றின் செறிவு போதுமானதாக இருந்தால்தான், அதாவது பட்டினியில் போதிய எண்ணிக்கையினர் இருந்தால்தான், மேற்கொண்டு எதுவும் நடக்கும். பிறகு சி-சமிக்ஞை வளர, செல்கள் அடிக்கடி திரும்புவதை நிறுத்தி, வேகத்தையும் கூட்டிக்கொள்கின்றன. ஷேவிட்ஸின் ஆய்வுக்குழு 2019-இல் காட்டியது இதுதான்: வேகத்தையும் திரும்பும் இடைவெளியையும் மாற்றினாலே, பரப்பெங்கும் சீராகப் பரவியிருந்த கூட்டம், அடர்ந்த திட்டுகளாகவும் காலியான இடங்களாகவும் பிரிந்துவிடும். நீராவி துளிகளாகப் பிரிவதை ஆராயும் இயற்பியல் முறையே இங்கும் பொருந்துகிறது. வேறுபாடு என்னவென்றால், இங்கே துகள்களே தம் நடத்தையை மாற்றிக்கொண்டு தம்மைப் பிரிவு நிலைக்குள் தள்ளிக்கொள்கின்றன.

இரண்டாவது, வடிவியல். நெருக்கமாக அடுக்கிய குச்சிகளின் ஒற்றை அடுக்கை மேலிருந்து பார்த்தால், கைரேகையைப் போல வரிகள் ஓடுகின்றன. கைரேகையில் வரிகள் வளைந்து முடியும் இடமும், மூன்று திசை வரிகள் சந்திக்கும் முக்கோண இடமும் இருப்பதுபோல், இங்கும் அணிவகுப்பு முறியும் புள்ளிகள் இரு வகையாக உள்ளன. வால்மீன் வடிவில் வரிகள் வளையும் புள்ளிகளுக்குச் செல்கள் உள்நோக்கிப் பாய்கின்றன. இடம் போதாமல் சில மேலேறுகின்றன. புதிய அடுக்கு அங்கே தொடங்குகிறது. முக்கோணப் புள்ளிகளிலிருந்து செல்கள் வெளியேறுகின்றன. அங்கே ஓட்டை விழுகிறது. கோபன்ஹேகன், அலெர்ட், விங்ரீன், ஷேவிட்ஸ் ஆகியோர் 2021-இல் இதை அளந்து காட்டினார்கள். மேட்டின் முதல் படி எங்கே எழும் என்பதை எந்தச் செல்லும் தேர்ந்தெடுக்கவில்லை. அணிவகுப்பில் நேர்ந்த முறிவே அதைத் தேர்ந்தெடுக்கிறது.

கேள்வி: கணினியில் இவற்றை அப்படியே உருவாக்கிக் காட்டுகிறார்கள். அப்படியானால் விளங்கிவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. ஒரே கோலத்தை முற்றிலும் வேறான விதிகளைக் கொண்டும் வரையலாம். மிக்சோகாக்கஸ் மேடுகளைக் காட்டும் மாதிரிகள் பல; அவற்றுள் எது உண்மை என்பதைப் படத்தின் ஒற்றுமையை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் வழி, 2017-இல் காட்டர், இகோஷின், ஷிம்கெட்ஸ் முதலியோர் பின்பற்றியது. ஒளிராத பெருங்கூட்டத்தில் ஒளிரும் செல்கள் சிலவற்றைக் கலந்து, ஒவ்வொன்றின் பாதையையும் தொடர்ந்து அளந்தார்கள். அளந்த நடத்தையையே மாதிரிக்குள் இட்டு, ஒவ்வோர் அம்சத்தையும் நீக்கிப் பார்த்தார்கள். மேட்டுக்குள் நுழைந்த செல்கள் நகர்வைக் குறைத்துக்கொள்வதும், மேட்டை நோக்கிச் செல்லும்போது திரும்பாமல் அதிக நேரம் செல்வதும், மேட்டைவிட்டு விலகும்போது சீக்கிரமே திரும்பிவிடுவதும் முக்கியமானவை என்று தெரிந்தது. நான் தேர்ந்த மாதிரி அழகாக வேலை செய்கிறது என்பதைவிட, அளந்ததை எடுத்துவிட்டால் வேலை செய்யவில்லை என்பது வலுவான சான்று.

கேள்வி: ஆய்வக வளர்ப்புத் தட்டில் வட்ட வட்டமாகப் பரவும் புரோட்டியஸ் பாக்டீரியாவும் இவ்வகையைச் சேர்ந்ததா?

பதில்: இல்லை. புரோட்டியஸ் மிராபிலிஸ் ஏராளமான கசையிழைகளைச் சுழற்றிப் பரவுகிறது. பரவுவதும் நின்று பெருகுவதும் மாறி மாறி நிகழ்வதால் வளையங்கள் உண்டாகின்றன. கோலம் ஒன்றுபோல் இருந்தாலும் உந்துவிசை வேறு.

கேள்வி: மண்ணில் நடக்கும் இதற்கும் மனிதருக்கும் என்ன தொடர்பு?

பதில்: வழுக்கிச் செல்லும் பாக்டீரியாக்கள் மண்ணில் மட்டும் இல்லை. ஃபிளாவோபாக்டீரியம் கொலம்னாரே நன்னீர் மீன்களைத் தாக்கிச் செவுளையும் தோலையும் அரிக்கிறது. அதன் வழுக்கு நகர்வுக்கும் புரதச் சுரப்புக்கும் அடிப்படையான அமைப்பைச் சிதைத்தால், நோய் உண்டாக்கும் திறனும் குன்றிவிடுகிறது. இன்னும் நெருக்கமான உதாரணம் நம் வாயிலேயே உள்ளது. ஈறுகளை ஒட்டி வாழும் கேப்னோசைட்டோஃபாகா ஜிஞ்சிவாலிஸ் கூட்டமாக வழுக்கிச் செல்லும்போது, தாமாக நகர இயலாத வேறு இன பாக்டீரியாக்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒட்டுப் புரதங்கள் அவற்றைச் செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏற்றிச் செல்வதை 2018-இல் வெளியான ஆய்வு படம்பிடித்துக் காட்டியது. பல்லின்மேல் படியும் படலத்தில் எந்த இனம் எங்கே குடியேறுகிறது என்பதில், நகரத் தெரியாதவற்றுக்கு இந்தச் சவாரி பெரிய பங்கு வகிக்கக்கூடும்.